ஜெனீவாவுக்கு கேம்பர் வேனில்: எந்தக் கரையில் தூங்குவது?

கேம்பர் வேனில், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்குகிற வண்டியில், ஜெனீவா போகிறேன் என்று யார் சொன்னாலும் அடுத்த வாக்கியம் "வண்டியை எங்கே நிறுத்துவது?" என்பதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு தடவை போய்வந்த பிறகு தோன்றுவது, அது அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் முடிவு செய்ய வேண்டியது ஊரை ஒட்டிய லெமான் ஏரியின் எந்தக் கரையில் ராத்தூக்கம் என்பது. அது சரியாக அமைந்துவிட்டால் ஊருக்குள் வண்டியைக் கொண்டுபோகவே வேண்டாம், நிறுத்துகிற தலைவலியும் இல்லை.

காரணம் ஊரின் அமைப்பு. லெமான் ஏரி பிறை போல வளைந்து 73 கிலோமீட்டர் நீளம் கிடக்கிறது, வடகரை முழுக்க சுவிட்சர்லாந்து, தென்கரையின் பெரும்பகுதி பிரான்ஸ். பிறையின் தென்மேற்கு நுனியில், ரோன் ஆறு ஏரியை விட்டு வெளியே கிளம்புகிற இடத்தில் ஜெனீவா. ஊர் ஆற்றின் இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது. ஏரிப் பக்கத்திலிருந்து முதல் பாலம் மோன் பிளாங்க் பாலம். ஏரியைச் சுற்றி வருகிற வண்டி பெரும்பாலும் அந்த ஒரு பாலத்தில்தான் வந்து விழும். லோசான் பக்கமிருந்து ஏ1 நெடுஞ்சாலையில் வந்தால் வலது கரையில், அதாவது வடகரைப் பக்கம், இறங்குவீர்கள், வேனை நிறுத்தித் தங்குகிற ஏரியோர கேம்ப்சைட் இருப்பதோ தென்கரைப் பக்கமான இடது கரையில். நடுவில் அந்தப் பாலம்.

முதல் தடவை நான் போனை நம்பி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆறு மீட்டர் வாடகை வேனை அந்தப் பாலத்தில் ஏற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஜெட் டோ என்கிற அந்த நீரூற்றை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து முடித்துவிட்டாள், வண்டி பாலத்தின் பாதியைத் தாண்டவில்லை. சும்மா இருந்ததில் ஒரு கணக்குப் போட்டேன். ஊற்று நொடிக்கு 500 லிட்டர் தண்ணீரை 140 மீட்டர் உயரத்துக்கு அடிக்கிறது. எங்கள் வேனின் தொட்டி 100 லிட்டர். மூன்று நாள் கஞ்சத்தனமாகக் குளித்து, பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்து அப்புறம் கழுவி, நாங்கள் காப்பாற்றிய தண்ணீர் அங்கே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பாலத்தைத் தாண்டி ஊருக்குள் எங்காவது நுழைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நடு ஊர் வாகன நிறுத்தங்கள் பெரும்பாலும் நிலத்தடியில் இருக்கின்றன, ஒன்று ஏரித் தண்ணீருக்கு அடியிலேயே இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் உயர வரம்பு இரண்டு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். டுகாட்டோ மாதிரி வேன் இரண்டரை மீட்டர். ஃபோக்ஸ்வாகன் கலிபோர்னியா 1.99 மீட்டர், அந்த ஒரு சென்டிமீட்டர் தற்செயல் இல்லை. உங்களிடம் அது இருந்தால் கீழே வரும் பாதிப் புலம்பலைத் தாண்டிப் படிக்கலாம். அதுவும் கூரைமேல் பெட்டியோ சைக்கிளோ ஏற்றாமல் இருந்தால்.

சரி, வழிகளுக்கு வருவோம். ஆகாதது ஒன்று, சுமாரானது ஒன்று, நல்லது இரண்டு.

ஆகாதது, தெருவோரம் நிறுத்தி உள்ளேயே தூங்குவது. சுவிட்சர்லாந்தில் இந்த விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும், ஒரு ஊரில் கண்டுகொள்ளாததை அடுத்த ஊரில் அபராதமாக எழுதிக் கொடுப்பார்கள். ஜெனீவா மாதிரி நெருக்கமான ஊரில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சட்டத்தை விடுங்கள், கழிப்பறை இருக்கிறது. வேன் கழிப்பறையின் கேசட், அதாவது கழிவு சேருகிற பெட்டி, இருபது லிட்டருக்குள்தான் பிடிக்கும், இரண்டு பேர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளில் சிவப்பு விளக்கு எரியும். அதை எங்கே கொட்டுவது? காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்பி, கேசட்டைக் காலி செய்ய இடம் தேடி அரை நாள் ஊர்சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அது நான்தான்.

சுமாரானது, வடகரையில் தள்ளித் தங்கி ரயிலில் வருவது. மோர்ஜ், லோசான் இரண்டிலும் ஏரியோரமாகவே கேம்ப்சைட் உண்டு, ரயில் அடிக்கடி இருக்கிறது, முக்கால் மணிக்குள் ஜெனீவாவின் முக்கிய ரயில் நிலையமான கோர்னவானில் இறங்கிவிடலாம். வண்டியைத் தொட வேண்டாம், பாலம் வேண்டாம். ஆனால் சுவிஸ் ரயில் டிக்கெட்டை இரண்டு பேருக்குப் போகவர என்று கூட்டினால் கேம்ப்சைட் வாடகை கொஞ்சம் மலிவாகக் கிடைத்ததில் ஒன்றும் மிஞ்சாது. லோசானையும் லவோ திராட்சைச் சரிவுகளையும் பார்ப்பதுதான் உங்கள் முக்கிய நோக்கம், ஜெனீவாவுக்கு ஒரு நாள் போதும் என்றால் இது நல்ல வழி. ஜெனீவாவுக்காகவே வருகிறீர்கள் என்றால் வேண்டாம்.

இப்போது நல்லவை. முதலாவது, ஜெனீவா மாநிலத்துக்குள்ளேயே, இடது கரையில் வெசனா பக்கத்தில், போன்த் அ லா பீஸ் என்கிற முனையில் இருக்கும் கேம்ப்சைட். ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். வாடகையைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் பின்வாங்கும், சுவிஸ் விலை சுவிஸ் விலைதான். ஆனால் அதோடு ஒரு விஷயம் சேர்ந்து வருகிறது, அதைக் கணக்கில் எடுக்காமல்தான் நிறையப் பேர் பிரான்ஸ் பக்கம் ஓடுகிறார்கள். ஜெனீவா மாநிலத்தில் ஹோட்டலோ, இளையோர் விடுதியோ, கேம்ப்சைட்டோ, எங்கே தங்கினாலும் தங்கும் நாள் முழுக்கப் பொதுப் போக்குவரத்து இலவசம், அதற்கு ஒரு அட்டை தருகிறார்கள். பேருந்து, டிராம், மாநிலத்துக்குள் ஓடும் ரயில், அப்புறம் மூவெத் என்கிற அந்த மஞ்சள் நிறக் குட்டிப் படகுகள் வரை எல்லாம் அதில் அடக்கம். வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்துத்தான்.

அந்த அட்டை பயணத்தின் சுபாவத்தையே மாற்றிவிடுகிறது. டிக்கெட் எடுத்துப் போகும்போது "காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவது" என்று ஒரு வைராக்கியம் வந்துவிடும், கொடுத்த காசுக்கு ஊரைப் பிழிந்தெடுக்க வேண்டுமே. இலவசம் என்றால் காலையில் பழைய நகரத்தின் மேட்டில் ஏறி தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, மதியம் வேனுக்குத் திரும்பி ரசம் சோறு சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, சாயங்காலம் மறுபடி பேருந்து ஏறி ஏரிக்கரையில் பாக்கி என்கிற இடத்துக் குளியல்துறையில் போய்க் கால் நனைக்கலாம். 1932இல் கட்டிய துறை அது, பணக்கார ஊரின் நட்டநடுவில் ஏழை பணக்காரன் பார்க்காமல் எல்லாரும் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருக்கிற இடம். ஐ.நா. முன்றலும், கால் உடைந்த அந்தப் பன்னிரண்டு மீட்டர் மர நாற்காலியும் நம்மவர்கள் பலருக்குப் படத்தில் பழகியவை, அங்கே டிராமிலேயே போய் இறங்கலாம். நாங்கள் ஒரே நாளில் ஏழு தடவை ஏறி இறங்கினோம், பேருந்து டிராம் படகு எல்லாம் சேர்த்து. டிக்கெட் வாங்கியிருந்தால் மூன்றோடு நிறுத்தியிருப்போம்.

வெசனாவுக்கு இன்னொரு சாதகம், போய்ச் சேருகிற வழி. நெடுஞ்சாலையில் வந்தால் பாலம் என்று மேலே சொன்னேன். ஆனால் பிரான்சிலிருந்து அன்மாஸ் வழியாக வந்தால் பாலமே குறுக்கே வராது, இடது கரையிலேயே எல்லை தாண்டி இறங்கிவிடலாம். அதோடு சுவிஸ் நெடுஞ்சாலைக்கான 40 பிராங்க் கட்டண வில்லையான விக்னெட்டும் தேவைப்படாது, அது நெடுஞ்சாலைக்குத்தான், உள்சாலைக்கு இல்லை. (அந்த 40 பிராங்க் மூன்றரை டன் வரைக்கும்தான். அதைத் தாண்டிய பெரிய மோட்டார்ஹோமுக்கு வேறு வரி, அது சாலை வித்தியாசம் பார்ப்பதில்லை, உள்சாலைக்கும் உண்டு.) போன் எப்போதும் நெடுஞ்சாலைக்கே இழுக்கும், அதில் நெடுஞ்சாலை தவிர்ப்பை அழுத்திவிட்டுக் கிளம்புங்கள். பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: காற்று மாசு அதிகமாகிற நாட்களில் காலை 6 முதல் இரவு 10 வரை நடு ஊர் வளையத்துக்குள் வண்டி எவ்வளவு மாசு கக்கும் என்று காட்டுகிற தூய்மை வில்லையைப் பார்த்துத்தான் வண்டியை விடுகிறார்கள். பிரான்சின் கிரிட்டேர் வில்லை ஒட்டியிருந்தால் அதையே ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் எந்தத் தர வண்டியை விடுவது என்பது அன்றைய மாசைப் பொறுத்தது.

குறை என்று பார்த்தால் காற்று. அந்த முனையின் பெயரிலேயே பீஸ் இருக்கிறது. பீஸ் என்பது வடகிழக்கிலிருந்து, ஆல்ப்ஸுக்கும் ஜுரா மலைக்கும் நடுவில் புனலில் ஊற்றின மாதிரி ஏரி நெடுக அடித்துக்கொண்டு வரும் குளிர்காற்று. 2005இலும் 2012இலும் எதிர்க்கரையில் வெர்சுவா ஊரில் அந்தக் காற்று அடித்த அலைத் துளி நின்றிருந்த கார்களின்மேல் அப்படியே உறைந்து, கண்ணாடிச் சிற்பம் மாதிரி ஆக்கிவிட்டது. அது குளிர்கால விஷயம். ஆனால் மே மாதத்திலும் இரவில் மேலே தூக்கி விரிக்கிற பாப்-டாப் கூரையின் துணி படபடவென்று அடித்துக்கொள்ள, நாங்கள் இரண்டு மணிக்கு எழுந்து கூரையை இறக்கிவிட்டு, கீழ்ப் படுக்கையில் நெருக்கியடித்துப் படுத்தோம். வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராக வைத்து நிறுத்துங்கள், வண்டியின் பக்கத்தில் இழுத்து விரிக்கிற துணிப்பந்தலான ஆனிங்கை விரித்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். ஏரியோரத்தில் ஆரஞ்சு விளக்கு ஒன்று சுழன்று மினுக்கும். நிமிடத்துக்கு 40 தடவை என்றால் பலத்த காற்று வரலாம், 90 தடவை என்றால் புயல் எச்சரிக்கை. படகுக்காரர்களுக்கு வைத்தது, கேம்பர்காரர்களுக்கும் இலவசமாக உதவும்.

இரண்டாவது நல்ல வழி பிரான்ஸ் கரை. அன்மாஸ் தாண்டி தொனோன், எவியான் வரை ஏரியோரமாகக் கேம்ப்சைட்டுகள் வரிசையாக இருக்கின்றன, வாடகை கண்கூடாகக் குறைவு, சூப்பர் மார்க்கெட் பில்லும் குறைவு. ஜெனீவாவில் ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையம், விமான நிலையம் தவிரக் கடைகள் அநேகமாகப் பூட்டிக்கிடக்கும், இந்தப் பக்கம் ஞாயிறு காலையிலாவது காய்கறி வாங்கலாம். ஏரியில் குளிக்க எக்ஸ்னெவே ஊரின் மணல்கரை மாதிரி இடம் ஜெனீவாவுக்குள் கிடையாது, ரொம்ப தூரம் முழங்கால் ஆழம்தான், குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கேயே கவிழ்ந்துவிடுவார்கள். (ஆழமில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் கோடையில் வாத்துப்பேன் என்கிற நுண்புழு தோலில் புகுந்து அரிக்கும். வெளியே வந்ததும் துண்டால் அழுத்தித் துடைத்து, நல்ல தண்ணீரில் குளித்துவிடுங்கள்.) கேம்ப்சைட் வேண்டாம் என்றால் மோட்டார்ஹோமுக்கென்றே ஊராட்சிகள் ஒதுக்கிய நிறுத்தங்களும் உண்டு, பிரெஞ்சில் 'ஏர்' என்கிறார்கள், நம் கலப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீர் பிடிக்கலாம், கேசட் கொட்டலாம். நாற்காலியை வெளியே போட்டு ஆனிங் விரிக்க மட்டும் கூடாது, விரித்தால் அது நிறுத்துவதில்லை, முகாமிடுவது என்று ஆகிவிடும்.

ஊருக்குப் போவதற்கு 2019 டிசம்பருக்கு முன்னால் பிரான்ஸ் கரையில் தங்குவது பெரிய தொல்லை. அந்த மாதம் லெமான் எக்ஸ்பிரஸ் ரயில் ஓட ஆரம்பித்தது, எவியான், தொனோன், அன்மாஸ் எல்லாவற்றையும் ஜெனீவாவோடு நேராக இணைத்துவிட்டது. அன்மாஸிலிருந்து கோர்னவானுக்கு இருபது நிமிடச் சொச்சம். சைக்கிள் வைத்திருந்தால் அன்மாஸிலிருந்து ஜெனீவாவின் இடது கரைப் பகுதியான ஓ-வீவ் வரை அந்த ரயில் பாதைக்கு மேலேயே போட்ட பசுமைப் பாதை இருக்கிறது, வண்டிப் போக்குவரத்தே இல்லாமல் ஊருக்குள் வந்துவிடலாம். ஜெனீவாவுக்குள் நுழைய எனக்குத் தெரிந்து இதைவிட நிம்மதியான வழி இல்லை.

ஆனால் இந்தக் கரையின் செலவு வாடகைச் சீட்டில் தெரியாது, வேறு இடங்களில் ஒளிந்திருக்கும். இலவச அட்டை இங்கே கிடையாது, ரயில் டிக்கெட் தினமும் வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய சிம் போட்டிருந்தால் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும்போதே போன் தண்ணீரைத் தாண்டி சுவிஸ் டவரைப் பிடித்துவிடும். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, பல திட்டங்களில் ரோமிங் தனிக் காசு. நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள், நான் பிரான்சில் உட்கார்ந்து பார்த்த கிரிக்கெட்டுக்கு சுவிஸ் விலை கொடுத்தேன். அப்புறம், பிரான்சில் மலிவாக வாங்கிக்கொண்டு வேனோடு எல்லை தாண்டுவதென்றால் இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ, ஒயின் ஆளுக்கு ஐந்து லிட்டர், அதற்கு மேல் போனால் தீர்வை. மொத்த மதிப்பு ஆளுக்கு 150 பிராங்க் தாண்டினால் வரி, முன்பு 300 இருந்ததை 2025 ஜனவரியில் பாதியாக்கிவிட்டார்கள். குளிர்பெட்டி நிறையக் கோழி வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

மின்சாரமும் அப்படித்தான். மலிவான கேம்ப்சைட்டில் பல நேரம் 6 ஆம்பியர்தான் கொடுப்பார்கள், கணக்குப் பார்த்தால் 1,380 வாட். ரைஸ் குக்கர் தாங்கும். குக்கர் ஓடும்போது யாராவது தேநீருக்கு 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் டப்பென்று போய்விடும், பொத்தான் இருக்கிற பெட்டியைப் பூட்டிவிட்டு அலுவலகத்துக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார். அரைவேக்காட்டுச் சோறோடு அந்த இரவு எங்களுக்குப் பிஸ்கட்தான்.

கூட்டிக் கழித்து நான் சொல்வது இதுதான். ஒன்றிலிருந்து மூன்று இரவு, ஊரைப் பார்ப்பதே நோக்கம் என்றால் வெசனா. வாடகை வித்தியாசத்தை அந்த அட்டை முழுசாக ஈடுகட்டாமல் போகலாம், ஆனால் எந்நேரமும் வேனுக்குத் திரும்பலாம் என்கிற சுதந்திரத்துக்கு நான் அந்த மிச்சத்தைச் சந்தோஷமாகக் கொடுப்பேன். ஒரு வாரம், குழந்தைகள், ஏரிதான் முக்கியம், ஜெனீவா இரண்டு நாள் போதும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரான்ஸ். இரண்டு நாள் வெசனா, மிச்ச நாள் பிரான்ஸ் என்று பிரித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், நாங்கள் இரண்டாம் தடவை அதைத்தான் செய்தோம், ஆனால் அந்த வரிசையில் செய்யுங்கள். மலிவுக்குப் பழகிவிட்டு சுவிஸ் விலைக்குள் நுழைந்தால் ஒரு காபி குடிக்கக்கூட மனசு வராது. எந்தக் கரையானாலும் ஜூலை ஆகஸ்டுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், குளிர்காலத்தில் ஏரியோர கேம்ப்சைட்டுகள் பல மூடியிருக்கும்.

பிரான்ஸ் கரையில் தங்குவதென்றால் இன்னொரு ஆசையும் காட்டிவிடுகிறேன். இவ்வார் என்கிற பழைய கோட்டைச் சிற்றூர் பக்கம் தங்கினால் அங்கிருந்து எதிர்க்கரை நியோனுக்குப் படகு, இருபது நிமிடம், அங்கிருந்து ரயிலில் கால் மணிச் சொச்சத்தில் ஜெனீவா. காலையில் தண்ணீர்மேல் நாடு தாண்டி, தெளிவான நாளென்றால் பின்னால் திரும்பி மோன் பிளாங்கைப் பார்த்துக்கொண்டே வேறொரு நாட்டு ரயிலைப் பிடிக்கப் போவது, இதற்காகவே நான் மறுபடி போவேன். கடைசிப் படகைத் தவறவிட்டால் மட்டும் கதை வேறு: நியோனிலிருந்து ஜெனீவா, ஜெனீவாவிலிருந்து லெமான் எக்ஸ்பிரஸில் தொனோன், அங்கிருந்து டாக்சி என்று பிறையின் நுனியைச் சுற்றிக்கொண்டு நள்ளிரவில் வேனுக்கு வருவீர்கள். கடைசிப் படகின் நேரத்தைக் கிளம்பும்போதே காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போன் அந்நேரம் எந்த நாட்டு டவரில் இருக்கும் என்று சொல்ல முடியாது.